தாத்தாவின் கைக்கடிகாரம்: எந்த ஸ்டெம், எந்த ஸ்பிரிங்?

கேள்வி: என் தாத்தா 1950-களில் வாங்கிய ஸ்விஸ் கைக்கடிகாரம் என்னிடம் இருக்கிறது. தினமும் கீ கொடுக்க வேண்டிய வகை. நொடி முள் தனியாக 6-க்கு மேலே சின்ன வட்டத்தில் ஓடும். கொஞ்ச காலமாகக் கீ கொடுத்தால் இறுகாமல் சுற்றிக்கொண்டே போனது. போன மாதம் கீயே கையோடு வந்துவிட்டது. கண்ணாடியும் மஞ்சளாகி விரிசல் விட்டிருக்கிறது. டயலில் உள்ள பெயரைத் தேடினால் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் ரிப்பேர்க்காரர் திறந்து பார்த்து ‘ஏ.எஸ். 1130’ என்று எழுதிக் கொடுத்தார். பாகம் கிடைக்காது, குவார்ட்ஸ் மெஷின் மாட்டித் தருகிறேன் என்கிறார். இணையத்தில் 1130-க்கு ஸ்டெம் (கீ மாட்டியிருக்கும் தண்டு), ஸ்பிரிங், முழு மெஷின் எல்லாமே விற்பனைக்கு இருக்கின்றன. எதை வாங்குவது? சரியான பாகம்தான் என்று எப்படி உறுதி செய்வது? தம்பியிடம் ஒரு எச்.எம்.டி. ஜனதா இருக்கிறது. அதற்கும் இதே வழிதானா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்ஸ் மெஷின் மாட்டச் சம்மதிக்காதீர்கள். டயலின் பின்பக்கம் இரண்டு சிறிய செப்புக் கால்கள் இருக்கும். அவை 1130 மெஷினில் உள்ள துளைகளுக்குப் பொருந்தும்படி வைக்கப்பட்டவை. வேறு மெஷினில் டயலை உட்கார வைக்க அந்தக் கால்களை வெட்டிவிட்டுப் பசையோ இருபக்க டேப்போ போட்டு ஒட்டுவார்கள். 6-க்கு மேலே இருக்கும் சின்ன நொடி முள்ளுக்கு அதே தூரத்தில் அச்சு உள்ள குவார்ட்ஸ் மெஷின் அமைவது அரிது. அதனால் அந்த முள் ஓடாமல் வெறும் அலங்காரமாக நிற்கும். அதன் பிறகு மனம் மாறினாலும் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். உங்கள் கடிகாரத்தில் இப்போது இருக்கும் கோளாறுகளோ, மூன்றும் சரிசெய்யக்கூடியவை.

உங்கள் ரிப்பேர்க்காரர் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார். சரியான எண்ணைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்துவிட்டார். பழைய ஸ்விஸ் கடிகாரத்துக்குப் பாகம் தேடும்போது டயலில் உள்ள பெயரால் பெரும்பாலும் பயன் இல்லை. அந்தக் காலத்தில் எண்ணற்ற சிறு நிறுவனங்கள் மெஷினை வெளியே வாங்கி, கேஸிலும் டயலிலும் மட்டும் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. மெஷின் செய்தவர்கள் வேறு. ஏ.எஸ். என்பது ஸ்விட்சர்லாந்தின் க்ரென்ஷன் ஊரில் 1896-இல் தொடங்கப்பட்ட ஏ. ஷில்ட் நிறுவனத்தின் குறி. 1926-இல் எபோஷ் என்ற கூட்டு நிறுவனம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் இவர்களும் உண்டு. 1130 அவர்களுடைய 13 லைன் மெஷின். ஒரு லைன் என்பது 2.256 மில்லிமீட்டர். ஆகவே விட்டம் ஏறக்குறைய 29 மில்லிமீட்டர். மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. பல பெயர்களில் விற்ற கடிகாரங்களுக்குள் இதே மெஷின் இருந்தது. அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதற்குப் பாகம் கிடைக்கிறது. டயலின் பெயரைத் தேடி ஏமாந்த நீங்கள், இந்த எண்ணைத் தேடினால் ஏமாற மாட்டீர்கள்.

இருந்தாலும் அந்த எண்ணை உங்கள் கண்ணாலேயே ஒருமுறை பாருங்கள். குறைந்தது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் வேண்டும். முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் வீலுக்கு அடியில், அடித்தட்டில், கேடய வடிவக் குறிக்குள் ஏ.எஸ். என்றும் அருகில் எண்ணும் இருக்கும். வீல் மறைத்தால் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். வீலைக் கையால் தொடாதீர்கள். வீல்களை மேலிருந்து பிடிக்கும் பாலத் தட்டில் பெரிதாகப் பொறித்திருப்பது பெரும்பாலும் விற்பனைப் பெயரும் ஜூவல் (அச்சு முனைகள் சுழலும் கல்) எண்ணிக்கையும்தான், அதை வைத்துப் பாகம் கேட்க முடியாது. எண் தேய்ந்துபோன மெஷின்களுக்கு வேறு வழி இருக்கிறது. டயலைக் கழற்றினால், கீ கொடுக்கும் பகுதியில், ஸ்டெம்மைப் பிடித்திருக்கும் செட்டிங் லீவரை அழுத்திப் பிடிக்கும் தகட்டு ஸ்பிரிங் தெரியும். அதன் வடிவம் மெஷினுக்கு மெஷின் மாறும், கைரேகை மாதிரி. பழைய உதிரிப்பாகப் பட்டியல்களில் அந்த வடிவங்களைப் படமாக வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். மெஷினின் விட்டத்தை அளந்து, இந்த வடிவத்தையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் ஆள் சிக்கிவிடும்.

அடுத்தது பாகத்தின் எண். ஸ்விஸ் மெஷின்களுக்கு எல்லோரும் பின்பற்றிய ஒரு பொது எண் வரிசை உண்டு. ஸ்டெம் 401. கிளட்ச் வீல் 407. வைண்டிங் பினியன் (பினியன் என்பது சிறிய பல்சக்கரம்) 410. மெயின் ஸ்பிரிங் அடங்கிய பேரலின் மேலே இருக்கும் ராச்செட் வீல் 415, அதற்குப் பக்கத்தில் இருக்கும் கிரவுன் வீல் 420. ராச்செட் வீல் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் கிளிக் 425, கிளிக் ஸ்பிரிங் 430. செட்டிங் லீவர் 443, அதன் ஸ்பிரிங் 445. எஸ்கேப் வீல் 705, அதற்கும் பேலன்ஸுக்கும் நடுவே இருக்கும் பேலட் ஃபோர்க் 710. மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கோடு கூடிய முழு பேலன்ஸ் 721, அதன் அச்சான பேலன்ஸ் ஸ்டாஃப் மட்டும் 723. கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் 770. ஒரு பாகத்தின் எண்ணுக்கு முன்னால் 5 சேர்த்தால் அதைப் பிடிக்கும் ஸ்குரூ. செட்டிங் லீவரின் ஸ்குரூ 5443. ஆகவே வெளியூர் வியாபாரியிடம் “1130-க்கு சாவித் தண்டு” என்று விளக்கிக் கொண்டிருக்க வேண்டாம். “ஏ.எஸ். 1130, 401” என்று எழுதினால் ஜெர்மனியில் இருப்பவருக்கும் புரியும். இந்த எண் இல்லாமல் ‘1130-க்குப் பொருந்தும்’ என்று மட்டும் போட்டு விற்பவரிடம் எண்ணைக் கேளுங்கள். சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

இனி உங்கள் மூன்று கோளாறுகள். எதையும் வாங்குவதற்கு முன் மெஷினை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. முதலில் ஒரு ஸ்டெம் வாங்கி, அது வந்து சேர்ந்ததும் ஸ்பிரிங் போயிருப்பது தெரிந்து, அதையும் வாங்கிப் போட்டபின் ஒரு பல் உடைந்திருப்பது தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் தபால் செலவு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஸ்பிரிங் அறுபடும்போது அதில் சேர்ந்திருந்த விசை ஒரே நொடியில் எதிர்ப்பக்கம் உதைக்கும். அந்த உதையில் பேரலின் விளிம்புப் பல் உடையலாம், சென்டர் வீலின் பினியன் பல் போகலாம், மூன்றாம் வீலின் முனை வளையலாம். இந்த மூன்று இடங்களையும் லூப் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையானதை மொத்தமாக ஒரே முறை வாங்குங்கள்.

பிரிக்கும் முன் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கும் விசையை விடுவிக்க வேண்டும். அறுந்த ஸ்பிரிங் என்று தோன்றினாலும் இதைச் செய்யுங்கள். கீ இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டே கிளிக்கை நகர்த்தி மெல்ல விடலாம். உங்களிடம் கீ இல்லையே! ராச்செட் வீலின் நடு ஸ்குரூவில் சரியான அகலமுள்ள ஸ்குரூடிரைவரை வைத்து இறுக்கிப் பிடித்து, கிளிக்கை ஊசியால் விலக்கி, ஸ்குரூடிரைவரைக் கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விடுங்கள். கை நழுவினால் மொத்த விசையும் ஒரே அடியாக அவிழ்ந்து பல்லை உடைக்கும்.

ஸ்டெம் விஷயத்துக்கு வருவோம். கையோடு வந்த கீயை முதலில் பாருங்கள். அதன் உள்ளே தண்டின் துண்டு இருக்கிறதா? இல்லையென்றால் ஸ்டெம் உடையவில்லை, மரை கழன்று வந்திருக்கிறது. அப்படியானால் மரை தேயாத பட்சத்தில் திரும்ப முடுக்கினாலே போதும், செலவில்லை. துண்டு உள்ளே இருந்தால் உடைந்திருக்கிறது. பெரும்பாலும் செட்டிங் லீவர் உட்காரும் பள்ளத்தில்தான் உடையும். தண்டிலேயே அதுதான் மெலிந்த இடம், வியர்வையும் ஈரமும் தங்கித் துரு பிடிக்கும் இடமும் அதுவே.

உள்ளே சிக்கிய மீதித் துண்டை எடுக்க, ஸ்டெம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் பாலத் தட்டின் மேலே இருக்கும் செட்டிங் லீவர் ஸ்குரூவை ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றிவிட்டால் லீவர் அடியில் விழுந்துவிடும். அதைத் திரும்ப இடத்தில் வைக்க முட்களையும் டயலையும் கழற்றியாக வேண்டும். ஐந்து நிமிட வேலை ஒரு மணி நேரமாகும், டயலில் கீறல் விழும் வாய்ப்பும் கூடும். எல்லா ரிப்பேர்க்காரருக்கும் இது தெரியும். ஆனால் வீட்டில் முயலும் வாசகர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

கீக்குள் சிக்கிய துண்டுக்குப் படிகாரம் போதும். படிகாரத்தைச் சூடான தண்ணீரில் கரையும் அளவுக்குக் கரைத்து, கீயை அதில் போட்டு வெதுவெதுப்பாக வைத்திருங்கள். எஃகு மெல்ல அரிக்கப்பட்டுக் கருப்புப் பொடியாக வெளியேறும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. சில மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். ஆனால் கீ எஃகால் ஆனதாக இருந்தால் அதையும் சேர்த்துத் தின்றுவிடும். காந்தம் ஒட்டுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத எஃகும் உண்டு என்பதால், தேய்ந்த இடங்களில் பித்தளையின் மஞ்சள் தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய கீயைக் காப்பாற்றுவதற்கு இத்தனை மெனக்கெடுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வடிவக் கீ, அந்த அளவு, அந்தப் பல் வரிசை உங்கள் கேஸோடு பிறந்தது. புதிதாக வாங்கும் கீ பெரும்பாலும் கொஞ்சம் பெரிதாகவோ பளபளவென்றோ தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும்.

புதிய ஸ்டெம் வாங்கும்போது மெஷினின் எண் மட்டும் போதாது. மரையின் தடிமனையும் பார்க்க வேண்டும். மரைகளுக்கு ‘டேப்’ எண் உண்டு. டேப் 10 என்றால் 0.90 மில்லிமீட்டர், அது மிகப் பரவலான அளவு. உங்கள் பழைய கீயின் மரையோடு ஸ்டெம்மின் மரை சேராவிட்டால் பலவந்தமாக முடுக்கக்கூடாது, இரண்டில் ஒன்று கெடும். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, புதியதோடு பக்கத்தில் வைத்து நான்கு இடங்களை ஒப்பிடுங்கள்: மெஷினுக்குள் போகும் நுனி முனை, கிளட்ச் வீல் நழுவும் சதுரப் பகுதி, பினியன் உட்காரும் வட்டப் பகுதி, லீவரின் பள்ளம். சதுரம் மெலிந்திருந்தால் கீ கொடுக்கும்போது கிளட்ச் வீல் நழுவும், தடித்திருந்தால் உள்ளே போகாது. பள்ளம் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு தள்ளியிருந்தாலும் நேரம் மாற்ற இழுக்கும்போது சிக்கும்.

ஸ்டெம் எப்போதும் தேவைக்கு மேல் நீளமாகத்தான் வரும், வெட்டிக்கொள்ள வேண்டும். கேஸுக்குள் மெஷினை வைத்து, கீயை முடுக்கிய ஸ்டெம்மை உள்ளே தள்ளுங்கள். கீக்கும் கேஸுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, அதைவிட 0.3 மில்லிமீட்டர் குறைவாக வெட்டுங்கள். பிறகு அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் குறைத்து ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். வெட்டிய நுனியில் பிசிறு இருக்கக்கூடாது, இருந்தால் கீயின் மரையைக் கீறிவிடும். ஸ்டெம் நீளமாக இருந்தால் இடைவெளி வழியாகத் தூசியும் வியர்வையும் உள்ளே போகும், கீ ஆடும். குட்டையாகிவிட்டால் கீ கேஸில் இடித்து, ஸ்டெம் முழுதாக உள்ளே போகாமல் கிளட்ச் பாதியில் நிற்கும். அப்போது கீ கொடுக்கும்போது கரகரவென்று பல் மோதும் சத்தம் கேட்கும். அளவு எட்டியதும் கீ கொடுக்கும் நிலை, நேரம் மாற்றும் நிலை இரண்டையும் பத்துப் பத்து முறை சோதியுங்கள். வாங்கும்போதே இரண்டு ஸ்டெம்மாக வாங்கிவிடுங்கள். ஒன்று வெட்டுவதில் தவறினால் கையில் இன்னொன்று இருக்கும்.

இறுகாமல் சுற்றிக்கொண்டே போவதற்கு முதல் சந்தேகம் மெயின் ஸ்பிரிங் அறுந்திருப்பது. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. ஸ்பிரிங்கின் உள் முனை நடு அச்சின் கொக்கியிலிருந்து விலகியிருக்கலாம், வெளி முனை பேரலின் சுவரிலிருந்து நழுவியிருக்கலாம். கிளிக் ஸ்பிரிங் உடைந்திருந்தால் கீ கொடுத்த பிறகு விட்டவுடன் அது கையில் பின்னோக்கித் திரும்பும். நீங்கள் எழுதியதில் அந்த அறிகுறி இல்லை, ஆகவே பேரலைத் திறந்து பார்ப்பதே வழி.

மெயின் ஸ்பிரிங்குக்கு நான்கு அளவுகள்: அகலம், தடிமன், நீளம், அது உட்காரும் பேரலின் உள்விட்டம். வியாபாரிகளின் பாக்கெட்டில் இந்த வரிசையில்தான் அச்சிட்டிருக்கும். நான்கில் தடிமனை மட்டும் மைக்ரோமீட்டரால் 0.01 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளக்க வேண்டும். காரணம், ஸ்பிரிங்கின் விசை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. தடிமன் 10 சதவீதம் கூடினால் விசை 33 சதவீதம் கூடும். 0.10 இருக்க வேண்டிய இடத்தில் 0.11 போட்டுவிட்டு ‘கொஞ்சம்தானே’ என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். விசை அளவுக்கு மீறினால் பேலன்ஸ் வீல் அதிகமாக ஆடி, அதன் ஜூவல் ஊசி ஃபோர்க்கின் வெளிப்பக்கத்தில் போய் இடிக்கும். காதில் வைத்தால் குதிரை ஓடுவது போன்ற சத்தம். கடிகாரம் ஒரு நாளில் பல நிமிடம் முந்திப்போகும், ஊசி உடையவும் செய்யும். மெல்லிய ஸ்பிரிங் போட்டால் கீ கொடுத்த பொழுது நன்றாக ஓடி, ராத்திரிக்குள் தளர்ந்து நிற்கும்.

அகலம் பேரலின் உள் உயரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தால் மூடியில் உரசும். நீளம் சரியா என்று பார்க்கத் திறந்த பேரலே போதும். அவிழ்ந்த நிலையில் ஸ்பிரிங்கின் சுருள், நடு அச்சுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட பரப்பில் ஏறக்குறைய பாதியை அடைத்திருக்க வேண்டும். அதைவிட அதிகமோ குறைவோ ஆனால் ஓடும் மணி நேரம் குறையும். வெளி முனையின் அமைப்பையும் பழையதோடு ஒப்பிடுங்கள். சில ஸ்பிரிங்குகளில் துளை, சிலவற்றில் நாக்கு, சிலவற்றில் பக்கவாட்டில் நீட்டிய கைகள். ஆட்டோமேட்டிக் கடிகாரத்துக்கான ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் சுவரில் நழுவும்படி செய்யப்பட்டது. அதை உங்கள் கடிகாரத்தில் போட்டால் இப்போது இருக்கும் கோளாறே திரும்ப வரும்: கீ ஒருபோதும் இறுகாது.

பழைய நீல எஃகு ஸ்பிரிங் பாக்கெட்டுகள் இன்னும் சில கடைகளில் கிடைக்கின்றன. ‘ஒரிஜினல்’ என்று ஆசையாக இருக்கும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பல பத்தாண்டுகள் பாக்கெட்டிலேயே கிடந்து, கண்ணுக்குத் தெரியாத துருப்புள்ளிகளோடு இருப்பவை பல, சில மாதத்தில் அறுந்துவிடும். வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங் துருப்பிடிக்காது, தளராது. வெளியே தெரியாத பாகம் என்பதால் இங்கே புதியதே நல்லது. அது ஒரு வளையத்துக்குள் சுருட்டி வரும். வளையத்தைப் பேரலின் மேல் வைத்து அப்படியே அழுத்தி உள்ளே தள்ளிவிடலாம். தள்ளும் முன் சுருளின் திசை பழையதோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். கையால் சுருட்டி நுழைத்தால் அது தட்டையாக இல்லாமல் கூம்பு போல வளைந்து மூடியில் உரசும்.

கண்ணாடி எளிது. அந்தக் காலத்துக் கடிகாரங்களில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையமான பெஸலின் உள்விட்டத்தை 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து கொடுங்கள். கண்ணாடி அதைவிட 0.1 முதல் 0.2 வரை பெரிதாக இருந்து, சுருக்கி உள்ளே வைத்ததும் விரிந்து பிடித்துக்கொள்ளும். பழைய கண்ணாடியின் உள்ளே உலோக வளையம் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் வளையத்தோடு கூடியதையே வாங்க வேண்டும். மேடு எவ்வளவு உயரம் என்பதையும் சொல்லுங்கள். தட்டையானதைப் போட்டால் முள்ளின் நுனி இடித்து நிற்கலாம்.

கண்ணாடியை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. டயலிலோ முட்களிலோ இருட்டில் ஒளிரும் வண்ணம் பூசியிருந்தால் அது ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு போய்விடவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 1,600 ஆண்டுகள், ஒளிரும் வண்ணம்தான் தேய்ந்துபோயிருக்கிறது. அதைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். சாப்பாட்டு மேசையில் திறக்காதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். உதிர்ந்த தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துக் கைகளைக் கழுவுங்கள்.

இப்போது முக்கியமான கேள்வி: 1130 என்று எழுதியிருந்தாலே 1130-க்குப் பொருந்துமா? ஸ்டெம், மெயின் ஸ்பிரிங், ஸ்குரூ போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆம். சிலவற்றுக்கு இல்லை. பேலன்ஸ் ஸ்டாஃப் நல்ல உதாரணம். ஒரே எண்ணுள்ள மெஷின் அதிர்ச்சி தாங்கும் அமைப்போடும் வந்திருக்கிறது, இல்லாமலும் வந்திருக்கிறது. பேலன்ஸின் நடு ஜூவலை யாழ் வடிவ ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருந்தால் அது இன்காப்ளாக் என்ற அதிர்ச்சி தாங்கும் அமைப்பு. சாதாரணத் தகடும் ஸ்குரூவும் இருந்தால் அதிர்ச்சி அமைப்பு இல்லாதது. இரண்டுக்கும் ஸ்டாஃபின் முனை அமைப்பு வேறு. எண் ஒன்றுதானே என்று மாற்றிப் போட்டால் முனை உள்ளே போகாது, அல்லது பேலன்ஸ் தளர்ந்து ஆடும். அதேபோல் நிமிட முள் உட்காரும் கேனன் பினியனும் மணி முள் உட்காரும் வீலும் டயலின் தடிமனுக்கு ஏற்பப் பல உயரங்களில் செய்யப்பட்டவை. இந்த இரண்டில் ஒன்று போயிருந்தால் பழையதன் உயரத்தை அளந்து கொடுக்காமல் வாங்காதீர்கள். முட்களுக்கும் அப்படியே: மூன்று துளைகளின் விட்டமும் 0.01 மில்லிமீட்டர் கணக்கில் ஒத்துப்போக வேண்டும்.

பேலன்ஸை முழுதாக மாற்ற வேண்டிய நிலை வந்தால் 721 என்ற முழுப் பாகமாக வாங்குங்கள். ஹேர் ஸ்பிரிங்கும் வீலும் ஒன்றுக்கொன்று அளவுபார்த்துச் சேர்க்கப்பட்டவை. ஒன்றின் வீலையும் இன்னொன்றின் ஹேர் ஸ்பிரிங்கையும் கலந்தால் நாளுக்குப் பல நிமிடம் தவறும், வேகத்தைச் சரிசெய்யும் ரெகுலேட்டரை எந்தக் கோடிக்கு நகர்த்தினாலும் சரியாகாது.

முழு மெஷினாக விற்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மூன்று பாகங்கள் தேவைப்பட்டால் முழு மெஷின் வாங்குவது தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகவே முடியும். அதை முழுதாக உங்கள் கேஸுக்குள் மாற்றிவிடாமல், தேவையான பாகத்தை மட்டும் எடுத்து உங்கள் தாத்தாவின் மெஷினில் போடச் சொல்லுங்கள். மாற்றிவிட்டால் பிறகு கேஸும் டயலும் மட்டுமே அவர் கட்டியிருந்தவை. வாங்கும் முன் விற்பவரிடம் மேல்பக்கம், டயல் பக்கம் இரண்டையும் நேர்வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள். எண் தெரிய வேண்டும். பேலன்ஸை லேசாக அசைத்தால் தானாக ஆடுகிறதா என்று சின்னக் காணொளி கேளுங்கள். ராச்செட் வீலின் மேலும் ஸ்டெம்மின் பக்கமும் துருக்கறை இருந்தால் உள்ளேயும் இருக்கும். ஸ்குரூத் தலைகளின் காடி பிய்ந்திருந்தால் பலர் கை வைத்த மெஷின் என்று அர்த்தம். 15 ஜூவல், 17 ஜூவல் வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்களுக்கு வேண்டிய பாகத்தின் அளவு ஒத்திருந்தால் போதும்.

ஒளிரும் புதிய டயல், ‘ரெஸ்டோர்’ செய்த டயல் என்று விற்பவற்றை வாங்காதீர்கள். உங்கள் டயல் மங்கியிருந்தாலும் புள்ளி விழுந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். திரும்ப வண்ணமடிக்கும்போது பழைய எழுத்தின் மெல்லிய கோடுகள் தடித்துவிடும், நொடி வட்டத்தின் கோடுகள் முள்ளின் நுனியோடு ஒத்துப்போகாது. மெஷின் பாகத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். துடைத்து எடுத்த டயல் போனது போனதுதான்.

பாகங்கள் வந்ததும் போட்டுவிட்டு அப்படியே கட்டிக்கொள்ளாதீர்கள். பல ஆண்டு எண்ணெய் பிசினாகியிருக்கும். புதிய ஸ்பிரிங்கின் முழு விசை காய்ந்த அச்சுகளில் விழுந்தால் முனைகள் வேகமாகத் தேயும். முழுதாகப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு அடைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், ஓட்டத்தை அளக்கும் கருவியான டைமிங் மெஷினில் வைத்து, முழுக் கீ கொடுத்து, டயலை மேல்நோக்கி வைத்து அளக்கச் சொல்லுங்கள். பேலன்ஸின் வீச்சு, அதாவது அது ஆடும் கோணம், 250 டிகிரிக்கு மேல் இருந்தால் இந்த வயதுக்கு நல்ல ஆரோக்கியம். 300-ஐத் தாண்டிக் குதிரைச் சத்தம் வந்தால் தடித்த ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு அரை நிமிடத்துக்குள் தவறினால் திருப்தி அடையலாம். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தையும், உடைந்த ஸ்டெம் துண்டு உட்பட, சிறு பையில் போட்டுத் தரும்படி வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை அளவெடுக்க அவைதான் மாதிரி.

தம்பியின் ஜனதாவுக்குச் சில வேறுபாடுகள் உண்டு. எச்.எம்.டி.யின் கடிகாரத் தொழிற்சாலை 1961-இல் பெங்களூருவில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கப்பட்டது. அதனால் மேலே சொன்ன ஸ்விஸ் எண் வரிசையை அதற்கு அப்படியே பயன்படுத்த முடியாது. அதிர்ச்சி தாங்கும் அமைப்பும் சிட்டிசனின் பாராஷாக், இன்காப்ளாக் ஸ்பிரிங் அதில் உட்காராது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூடும் முடிவை மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் எடுத்தது. ஆனால் நாடெங்கும் இத்தனை எண்ணிக்கையில் விற்ற கடிகாரம் என்பதால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. பழைய வாட்ச் மெட்டீரியல் கடைகளில் எச்.எம்.டி. பாக்கெட்டிலேயே ஸ்டெம்மும் ஸ்பிரிங்கும் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் டயல் கெட்டுப்போன இன்னொரு ஜனதாவை மலிவாக வாங்கிப் பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எச்.எம்.டி.யில் ஏமாறுவது மெஷினில் அல்ல, டயலில்தான். பளிச்சென்ற நிறங்களில் பழைய பெயரைப் புதிதாக அச்சடித்து, கலவையாகச் சேர்த்த கடிகாரங்கள் ஏராளமாக விற்கின்றன. தம்பியின் டயல் பிறந்தபடியே இருந்தால் அதை யார் மாற்றச் சொன்னாலும் மாற்ற வேண்டாம்.

உங்கள் ரிப்பேர்க்காரரையே இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். எண்ணைத் தேடிப் பார்க்கும் அளவுக்குப் பொறுமை உள்ளவர். பாகம் கிடைக்காது என்று சொன்னது தேடும் சிரமத்தை நினைத்தாக இருக்கலாம். பிரித்துப் பார்த்துப் பட்டியல் மட்டும் போட்டுத் தரும்படி அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கொடுத்துக் கேளுங்கள். பட்டியலில் 401-ம் (ஸ்டெம்) 770-ம் (மெயின் ஸ்பிரிங்) கண்ணாடியும் மட்டும் இருந்தால் தைரியமாக வாங்கிக் கொடுக்கலாம். 723-ம் (பேலன்ஸ் ஸ்டாஃப்) சேர்ந்து வந்தால், பழைய பேலன்ஸில் ரிவெட் அடித்து ஸ்டாஃப் மாற்றத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். தெரியாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னால், பேலன்ஸை மட்டும் அதன் பாலத்தோடு கழற்றி, அசையாத டப்பாவில் வைத்து அந்த வேலை தெரிந்தவரிடம் அனுப்பலாம்.